மூச்சளவுச் சோதனை

மூச்சளவுச் சோதனை அல்லது ஸ்பைரோமெட்ரி என்பது ஒருவரால் எவ்வளவு காற்றை, எவ்வளவு விரைவாக வெளிவிட இயலும் என்பதை அளந்து, நுரையீரலின் செயற்பாட்டை மதிப்பிடும் முறையாகும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முதலியவற்றைக் கண்டறிய இது பயன்படுகின்றது. இதற்கான கருவி மூச்சுமானி (ஸ்பைரோமீட்டர்) எனப்படும்.

வரலாறு

இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்த கலம் ஒன்றைக் கொண்டு மூச்சுமானியை அமைத்தார். 2,130 பேரிடம் அளந்து, 1846இல் முடிவுகளை வெளியிட்டார். ஆழ மூச்செடுத்த பின் முழுவதுமாக வெளிவிடக்கூடிய காற்றின் அளவுக்கு உயிர்ப்புத்திறன் எனப் பெயரிட்டு, அது உயரத்திற்கேற்பக் கூடுவதைக் காட்டினார்.

செய்முறை

மூக்கு கவ்வியால் மூடப்படும். சோதிக்கப்படுபவர் இயன்றவரை ஆழமாக மூச்செடுத்து, வாய்க்குழலை இதழ்களால் இறுகப் பற்றி, முழு விசையுடன் ஊதி, காற்று தீரும்வரை தொடர வேண்டும். முறையான மூன்று ஊதல்களேனும் தேவை. அரைகுறையாக ஊதினால் நலமான நுரையீரலும் நோயுற்றதுபோல் தோன்றும். அண்மையில் மாரடைப்போ கண் அறுவையோ நேர்ந்தவர்களுக்குப் பொதுவாக இச்சோதனை தள்ளிவைக்கப்படும்.

அளவீடுகள்

விசையுடன் ஊதிய மொத்தக் காற்று எஃப்.வி.சி. எனவும், அதில் முதல் நொடியில் வெளியேறிய பகுதி எஃப்.இ.வி.1 எனவும் குறிக்கப்படும். மொத்தம் 4 லிட்டரும் முதல் நொடியில் 3.2 லிட்டரும் வெளியேறினால் விகிதம் 0.80 ஆகும். மூச்சுக்குழல் விரிப்பு மருந்து கொடுத்த பின்னரும் விகிதம் 0.70க்குக் குறைவாக இருப்பது நாட்பட்ட அடைப்பு நோயின் முக்கிய அடையாளம். விகிதம் குறையாமல் மொத்த அளவு மட்டும் குறைந்தால் நுரையீரல் விரிவது தடைப்பட்டிருக்கலாம். வெளிவிட இயலாத எஞ்சிய காற்றை மூச்சுமானி அளப்பதில்லை. எனவே இத்தடையை உறுதிசெய்ய வேறு சோதனைகள் தேவைப்படும்.

இயல்பளவு

ஒருவரின் அளவீடு, அவரது வயது, உயரம், பால் ஆகியவற்றுக்கு எதிர்பார்க்கப்படும் அளவுடன் ஒப்பிடப்படுகின்றது. சென்னையிலுள்ள காசநோய் ஆய்வு மையத்தினர், நலமான இளவயதினரை அளந்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களது அளவுகள் ஐரோப்பியரைவிடக் குறைவாக இருந்தன. ஐரோப்பிய அட்டவணையை அப்படியே கொண்டால் நலமான தமிழரும் நோயாளியாகக் கணிக்கப்படலாம். மாறாக, இனத்தின் பெயரால் எதிர்பார்ப்பைக் குறைத்தால், வறுமை, ஊட்டக்குறைவு, மாசு ஆகியவற்றால் நேர்ந்த இழப்பு இயல்பென மறைந்துவிடலாம். இதனால் 2022இல் இனவேறுபாடு கருதாத உலகப் பொதுச் சமன்பாடுகள் வெளியிடப்பட்டன. எனினும் எதை ஒப்பீடாகக் கொள்வது என்னும் விவாதம் தொடர்கின்றது.

தொழிலாளர் நலம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் கேளம்பாக்கத்திற்குத் தெற்கே அமைந்த மாமல்லபுரம், கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கருங்கல்லைச் செதுக்கும்போதும் இயந்திரத்தால் அறுக்கும்போதும் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு, சிலிக்கோசிஸ் என்னும் குணப்படுத்த இயலாத நுரையீரல் நோயை உண்டாக்கவல்லது. புகைபிடிக்காத பெரியவர்களுக்கும் எஃப்.இ.வி.1 ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிலிட்டர் குறையும். இதனினும் விரைவான சரிவை அறியப் பிறரது அட்டவணையைவிட, அதே தொழிலாளியின் முந்தைய அளவே சிறந்த ஒப்பீடாகும். ஆகவே பணியில் சேரும்போதே முதல் அளவைப் பதிந்து வைத்தல் நன்று. தொடக்கநிலைச் சிலிக்கோசிசில் மூச்சளவு இயல்பாகவே இருக்கக்கூடுமாதலால், மார்பு எக்ஸ்-கதிர்ப் படமும் உடன் எடுக்கப்பட வேண்டும்.