குறைந்த குற்ற விகிதம் பாதுகாப்பின் அடையாளமா? குடியிருப்புப் பகுதியின் எண்களைப் படிப்பது எப்படி?

புது டெல்லி: பெருநகரங்களில் வீடு தேடும் குடும்பங்கள் வாடகை, தண்ணீர் வசதி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி, "இந்தப் பகுதி பாதுகாப்பானதா?" என்பதே. பணி முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண்களுக்கும், தனியாக வசிக்கும் முதியோருக்கும் இதுவே முதல் கேள்வி. இதற்கு விடையாகப் பலரும் குற்ற விகிதத்தைச் சுட்டிக்காட்டுகின்றனர். ஆனால், அந்த எண் நடந்த குற்றங்களை நேரடியாக அளப்பதில்லை. காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளையே அளக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் எண்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வர நேரிடும்.

கொச்சியும் கொல்கத்தாவும்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் 19 பெருநகரங்களின் விவரங்கள் தனியே இடம்பெறுகின்றன. 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, கொச்சியில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 3,192 வழக்குகளும், டெல்லியில் சுமார் 2,105 வழக்குகளும் பதிவாகின. கொல்கத்தாவில் இந்த விகிதம் 83.9 மட்டுமே.

அப்படியானால், கொச்சியில் வசிப்பது கொல்கத்தாவில் வசிப்பதைவிட 38 மடங்கு ஆபத்தானதா? அவ்வாறு கொள்ள இயலாது. குற்றங்கள் அதிகரிப்பதும், காவல் துறை வழக்குப் பதிவு செய்வது அதிகரிப்பதும் வெவ்வேறு என்று ஆவணக் காப்பகமே தனது அறிக்கைகளில் எச்சரிக்கிறது. 2022-ஆம் ஆண்டில், இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் விகிதத்தில் 96 சதவீதத்துடன் கேரளம் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அதாவது, வழக்கு எண்ணிக்கை அதிகமாக உள்ள மாநிலத்திலேயே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் விகிதமும் அதிகமாக இருந்திருக்கிறது.

டெல்லி தரும் பாடம்

பதிவு முறை மாறினால் எண்கள் எவ்வளவு மாறும் என்பதற்கு டெல்லியே சான்று. அங்கு 2012-இல் சுமார் 54 ஆயிரமாக இருந்த இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள், 2014-இல் 1.55 லட்சமாகவும், 2016-இல் 2 லட்சத்துக்கு மேலாகவும் உயர்ந்தன. இதே காலகட்டத்தில் கொலை வழக்குகள் ஆண்டுக்கு 500 முதல் 600 வரை என்ற அளவிலேயே இருந்தன. கொலையை மறைப்பதோ, பதிவு செய்ய மறுப்பதோ எளிதன்று என்பதால், உண்மை நிலையை அறிய அது ஓரளவு நம்பகமான அளவுகோல்.

இந்த உயர்வின் பின்னணியில் முக்கிய மாற்றங்கள் உள்ளன. 2012 டிசம்பரில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின்னர், 2013-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் வழக்குப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்குத் தண்டனை விதிக்க அது வழிவகுத்தது. அதே ஆண்டு நவம்பரில், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்துத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனத் திருட்டுப் புகார்களை இணையவழியில் பதியும் வசதி 2015-இல் டெல்லியில் அறிமுகமானது. முன்பு புகாராகவே நின்றுவிட்ட பல சம்பவங்கள் இதன் பின்னர் வழக்காகின.

எந்த மக்கள்தொகையால் வகுப்பது?

விகிதத்தின் மற்றொரு பாதி மக்கள்தொகை. பெருநகரங்களுக்கு இன்றளவும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அடிப்படை. அக்கணக்கெடுப்பில் கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 45 லட்சம் பேர் வசித்தனர். சுற்றியுள்ள நகரங்களையும் சேர்த்தால் 1.41 கோடி. இவற்றில் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மூன்று மடங்கு வரை மாறும்.

குடியிருப்பு அளவில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. டெல்லியின் லஜ்பத் நகர், கரோல் பாக் போன்ற இடங்களில் வீடுகளும் பெரிய சந்தைகளும் அருகருகே உள்ளன. சந்தைக்கு வருபவரிடம் நடக்கும் பிக்பாக்கெட்டும் அதே காவல் நிலையக் கணக்கில் சேர்கிறது. அங்கு வசிப்பவரின் வீட்டில் திருட்டு நடக்கும் வாய்ப்பை அந்த எண் காட்டுவதில்லை.

2024-க்குப் பின் என்ன மாறியது?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன்படி திருட்டில் ஒரு வகையான 'பறிப்பு' தனிக் குற்றமாகியுள்ளது. ரூ.5,000-க்குக் குறைவான பொருளைத் திருடும் சாதாரணத் திருட்டில், நீதித்துறை நடுவரின் அனுமதியின்றிக் காவல் துறை விசாரிக்க முடியாது. எனவே, சிறு திருட்டுகளின் எண்ணிக்கை குறைந்ததாகத் தோன்றினாலும் அது சட்ட மாற்றத்தின் விளைவாகவே இருக்கக்கூடும். முந்தைய ஆண்டுகளுடன் நேரடியாக ஒப்பிடுவதில் கவனம் தேவை.

குடியிருப்போர் கவனிக்க வேண்டியவை

* மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும் குற்ற வகையைப் பாருங்கள். வீடு புகுந்து திருடுதல், பறிப்பு, வாகனத் திருட்டு ஆகியவை அன்றாட வாழ்வை நேரடியாகப் பாதிப்பவை. காப்பீடு பெற வழக்குப் பதிவு அவசியம் என்பதால், வாகனத் திருட்டுக் கணக்கு பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமானது.

* உள்ளூர்ப் பதிவுகளை நேரடியாகப் பார்க்கலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள் உள்ளிட்ட உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

* இரவு 9 மணிக்குப் பிறகு ஒருமுறை அப்பகுதியில் நடந்து பாருங்கள். தெருவிளக்கு, நடைபாதை, ஆள் நடமாட்டம், திறந்திருக்கும் கடைகள், பேருந்து நிறுத்தத்துக்கான தூரம் ஆகியவை எந்த அறிக்கையிலும் இல்லாத தகவல்கள்.

* சம்பவம் நேர்ந்தால் புகாரைத் தவிர்க்காதீர்கள். அவசர உதவிக்கு 112-ஐ அழைக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பலாம். அதன் பின்னரும் தீர்வு கிடைக்காவிடில் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

தங்கள் பகுதிக்குக் கெட்ட பெயர் வரும், வீட்டு மதிப்பு குறையும் என்ற தயக்கத்தில் புகார் அளிக்காமல் விடுவது பல குடியிருப்புகளில் வழக்கம். அதனால் குறைவது பதிவேட்டின் எண் மட்டுமே. ரோந்துப் பணியும் காவலர் ஒதுக்கீடும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே முடிவாகும்போது, புகார் வராத தெருவுக்குக் காவலரும் வரமாட்டார்.