கையொப்பத்தை நம்பி

அஞ்சுகிராமத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தும் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் வாலிபர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள். வழியனுப்ப வந்த தாயாரும் மனைவியும் நிலையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். விமானத்தை ஓட்டுகிறவர் இன்னார் என்று அவர்கள் அறியார். முன்னிரவில் அதன் யந்திரத்தைச் சோதித்துப் பதிவேட்டில் கையொப்பமிட்ட எஞ்சினீயர் ஒருவர் உண்டு என்ற நினைவே அவர்களுக்கு வராது. ஆயினும் அந்தக் கையொப்பம் ஒன்றை நம்பித்தான் அவர்கள் தங்கள் பிள்ளையை ஆகாயத்தில் அனுப்பிவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

சட்டமும் அந்தக் கையொப்பத்தையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. பராமரிப்பு வேலை முடிந்த விமானத்தை, அதற்கென அதிகாரம் பெற்ற எஞ்சினீயர் பறக்கத் தகுந்ததென்று எழுதிக் கொடுத்தாலன்றி, அது தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. என்ன கோளாறு கண்டது, எந்த உறுப்பு கழற்றப்பட்டது, எது மாற்றப்பட்டது, செய்தவர் யார் என்பவையெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். இவ்வளவு கண்டிப்பான ஏற்பாடு நம் நாட்டில் எவ்வாறு நடந்து வருகிறது என்பதை 2025-ம் வருஷத்தில் வெளியான இரண்டு செய்திகள் காட்டுகின்றன.

அவ்வருஷம் ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தைப்பற்றி நாம் இங்கே எதுவும் சொல்ல முற்படவில்லை. ஆனால் அதன் பிறகு சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகாவினர் டில்லி, மும்பை முதலிய பெரிய நிலையங்களில் சோதனை நடத்தி, கண்டவற்றை ஜூன் 24-ந் தேதி வெளியிட்டார்கள். சரிசெய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட அதே கோளாறு திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. வேலை உத்தரவில் கண்ட முறைகள் சில இடங்களில் அனுசரிக்கப்படவில்லை. விமானத்தின் கருவிகளே தெரிவித்த கோளாறுகள் பதிவுப் புத்தகத்தில் ஏறவில்லை. அதாவது, யந்திரம் உண்மையைச் சொல்லிவிட்டது. மனிதன்தான் அதை எழுதவில்லை.

இரண்டாவது செய்தி இன்னும் கவலைக்குரியது. ஒரு ரக எஞ்சினில் சில உறுப்புகளைக் குறித்த காலத்துக்குள் மாற்றவேண்டுமென்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் 2023-ல் உத்தரவிட்டிருந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியின் ஏர்பஸ் 320 விமானம் ஒன்றில் அவை உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. மாற்றியதாகக் காட்டுவதற்குப் பதிவுகள் திருத்தப்பட்டதாகத் தெரிகிறதென்று, டைரக்டர் ஜெனரல் இலாகா 2025 மார்ச்சில் அக்கம்பெனியைக் கண்டித்தது. ஜூலையில் இது பத்திரிகைகளில் வெளியாயிற்று. கம்பெனியார் பிழையை ஒப்புக்கொண்டனர். பதிவுகளை வேறொரு கணினி முறைக்கு மாற்றும்போது தேதி தவறிவிட்டதென்றும், பரிகாரம் செய்துவிட்டதாகவும் கூறினர். நல்லது. தேதி தவறியதற்கு அந்தச் சமாதானம் போதும். பதிவு திருத்தப்பட்டதாகச் சொல்வதற்கு அது பதிலாகுமா?

"ஒரு காகிதத்தில் எழுதாமல் விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் 1991 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்கட்டும். காண்டினெண்டல் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் சிறிய விமானம் ஒன்றின் வாலில், குறுக்குச் சிறகின் முன்விளிம்பில் பனிக்கட்டி படியாமல் காக்கும் ரப்பர் உறையை மாற்ற வேண்டியிருந்தது. மாலை முறையில் இருந்தவர்கள் இடப்பக்கத்து மேல்வரிசைத் திருகாணிகள் நாற்பத்தேழையும் கழற்றினார்கள். வேலை அதற்குள் முடியவில்லை. முறை மாறியது. கழற்றிய செய்தி உரிய காகிதத்தில் ஏறவில்லை. இரவு முறைக்கு வந்தவர்கள் வலப்பக்கத்து வேலையை முடித்து விமானத்தை அனுப்பிவிட்டார்கள். 11-ந் தேதி அந்த முன்விளிம்பு ஆகாயத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானத்தில் இருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எழுத்தின் அருமையை நாஞ்சில் நாட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் கிடைத்திராவிட்டால் இந்நாட்டின் பழைய நிலவுரிமையையும் வரிமுறையையும் இன்று யார் அறிவார்? எழுதியவர் உள்ளதை எழுதினார் என்ற நம்பிக்கையே ஓலைக்கு மதிப்பளிப்பது. பொய் எழுதிய பதிவேடு எழுதாத பதிவேட்டைக் காட்டிலும் கொடியது. வெற்றிடத்தைக் கண்டவன் சந்தேகிப்பான். பூர்த்தியான பத்தியைக் கண்டவன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கையொப்பத்தைப் போட்டுவிடுவான்.

இதற்காக இரவில் கண்விழித்து வேலை செய்யும் தொழிலாளிகளை மட்டும் தூக்கிலேற்ற வேண்டுமென்பது நமது கட்சியன்று. களைத்த கை தவறும். அவசரப்படுத்தப்பட்ட கண் ஏமாறும். மேற்கண்ட அமெரிக்க விபத்தை விசாரித்த சபை, சிப்பந்திகளின் தவறோடு நிர்வாகத்தின் தவறையும், கண்காணிக்க வேண்டிய சர்க்கார் இலாகாவின் தவறையும் சேர்த்தே குறிப்பிட்டது. சபையின் அங்கத்தினராகிய ஜான் லாபர் அதுவும் போதாதென்று தனி அபிப்பிராயம் எழுதினார். விதிமுறைகளை வழுவாது நடக்கும் பழக்கத்தை மேலதிகாரிகள் கம்பெனியில் உண்டாக்கத் தவறியதே காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட வேண்டுமென்பது அவர் கருத்து. அதை நாமும் ஏற்கிறோம்.

நமது சர்க்காரின் நிலை என்ன? 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. ஆனால் அதை அமுல் நடத்தவேண்டிய டைரக்டர் ஜெனரல் இலாகாவில் ஏறக்குறையப் பாதி ஸ்தானங்கள் காலியாயிருப்பதாக அதே வருஷத்தில் பாராளுமன்ற நிலைக்குழு எடுத்துக் காட்டிற்று. சட்டத்துக்குப் புதுப்பெயர் சூட்டினால் கொட்டகையில் போய்ப் பார்க்க ஆள் வந்துவிடுமா?

நியாய ஸ்தலங்களில் பழகியவர்கள் தவறுக்கும் மோசடிக்கும் உள்ள பேதத்தை அறிவார்கள். அந்தப் பேதம் விமானக் கொட்டகையிலும் நிலைபெற வேண்டும். "நான் இந்தத் திருகாணியை மறந்துவிட்டேன்" என்று தானே வந்து சொல்லும் சிப்பந்திக்கு வேலை போகுமென்ற பயம் இருக்கக் கூடாது. அந்தப் பயமே பொய்க் கணக்குக்கு வித்து. ஆனால் தெரிந்தே பொய்ப் பதிவு எழுதியவனும், அதை எழுதச் சொன்ன மேலதிகாரியும், கம்பெனிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போனதோடு தப்பிவிடக் கூடாது. முறை மாறும்போது முடியாத வேலை எழுத்து மூலமாகவே ஒப்படைக்கப்பட வேண்டும். காலி ஸ்தானங்கள் தாமதமின்றி நிரப்பப்பட வேண்டும். சோதனையில் கண்ட குற்றங்களைக் கம்பெனியின் பெயரோடு சர்க்காரே வெளியிடவேண்டும். பத்திரிகைக்காரர்கள் தேடிப் பிடித்த பிறகு பொதுஜனங்கள் அறிவது அழகன்று.

நம் தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் பாராளுமன்றத்தில் இதை விடாது கேட்க வேண்டும். வாசலில் நின்று கையசைத்துவிட்டு வருகிற அஞ்சுகிராமத்துத் தாயாருக்கு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க வழியில்லை. அவளுக்காக அதைச் சரிபார்ப்பதற்கே சர்க்கார் இருக்கிறது.