கடன்காரர் கை படாத பணம்

உழைத்த காலத்திற் பெற்ற கடனட்டை, உழைப்பவர் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்த பின்னரும் வட்டியைக் கணக்கிட மறப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தொழில் செய்ய இயலாது போன பலர் அரசாங்கத்தின் அங்கவீன உதவிப்பணத்தைக் கொண்டே சீவிக்கின்றனர். வாடகையும் மருந்தும் போக அதில் மிஞ்சுவது சொற்பம். ஆயினும், கடனட்டைக்கு மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையையேனும் கட்டிவிட வேண்டுமென்று மருந்தைக் குறைத்துக்கொள்வோரும் உளர். நாணயத்துக்கு அஞ்சுவோரே இதில் அதிகம் அகப்படுகின்றனர் என்பது எமது எண்ணம். கட்டும் தொகையிற் பெரும்பகுதியை வட்டி விழுங்கிவிட, முதலோ நத்தை வேகத்திலேயே குறைகின்றது.

இத்தகையோருக்கு ஒரு காவல் உண்டு. அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் இயற்றப்பட்டது. உழைப்போருக்கான அங்கவீனக் காப்புறுதி 1956இல், ஜனாதிபதி ஐசனோவர் காலத்தில், அதனுடன் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் 207ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடன்காரர் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றிருந்தாலும் இவ்வுதவிப்பணத்தைக் கைப்பற்றலாகாது. நியூ ஜேர்சி மாநிலத்தின் பொதுநல உதவிச் சபையொன்று, தான் முன்பு வழங்கிய உதவியை ஓர் அங்கவீனரின் பணத்திலிருந்து மீட்க முயன்றபோது, 1973இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதனை மறுத்துவிட்டது. அரசாங்க அமைப்புக்கே இடமில்லையெனில், கடனட்டை நிறுவனத்துக்கு ஏது இடம்?

கடனட்டைக் கடனைக் கட்ட இயலாமைக்காக எவரையும் சிறையிலிடவும் இயலாது. சிறையென்று மிரட்டும் வசூல் முகவர், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியவராவார். “இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்” என்று அவருக்கு எழுத்தில் அறிவித்தால், தொலைபேசித் தொல்லை ஓய்ந்தாக வேண்டும். ஆனால், கடன் அதனால் மறைந்துவிடாது, வழக்கும் வரலாம். அழைப்பாணை வந்தால் அதனை மேசையில் போட்டுவிடாது, உரிய காலத்துள் மறுமொழி கொடுத்தல் அவசியம். இலவச சட்ட உதவி நிலையங்கள் இதற்குத் துணைபுரியும்.

உதவிப்பணம் நேரே வங்கிக் கணக்கில் வந்து சேருமாயின், 2011 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, முந்திய இரு மாதங்களில் வந்த தொகைக்கு ஈடான இருப்பை வங்கி தானாகவே பாதுகாத்தல் வேண்டும். காசோலையாக வாங்கிப் பின் கணக்கிலிடுவோருக்கு அவ்வசதியில்லை. அவர்கள் நீதிமன்றிலேயே வாதாட நேரும். வேறு பணத்தோடு கலக்காது இதற்கெனத் தனிக்கணக்கு வைத்திருப்பது நன்று. சமஷ்டி வரி, பிள்ளைகளின் பராமரிப்புச் செலவு, சமஷ்டி மாணவர் கடன் ஆகியவற்றுக்கு இக்காவல் முழுமையாகச் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க.

வீடோ சேமிப்போ உடையவர் வங்குரோத்து மனுவைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்கலாம். ஒன்றுமே இல்லாதவருக்குப் பெரும்பாலும் அது வீண்செலவே. பழைய கடனைத் தேடி வரும் முகவர், “பத்து டொலராவது தாருங்கள்” என்று நயமாகக் கேட்பதுண்டு. பல மாநிலங்களில் அச்சிறு தொகையைச் செலுத்தியவுடனேயே, வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை புதிதாக எண்ணப்படத் தொடங்கிவிடும்.