போகலாமா, இருக்கலாமா?
30 நாளில் முடிவு எடுத்த 78 ஆயிரம் குடும்பங்கள்

கையில் இருக்கும் உத்தியோகத்தை விடலாமா, கூடாதா?

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கம்பெனி ஆட்டம் காண்கிறது. "இப்போதே எழுதிக் கொடுத்தால் இவ்வளவு பணம். தேதி தாண்டினால் இல்லை" என்று ஒரு காகிதம் வருகிறது. என்ன செய்வது?

2019-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி அப்படி ஒரு காகிதம் வந்தது. அனுப்பியது பி.எஸ்.என்.எல். சர்க்காரின் டெலிபோன் கம்பெனி. 50 வயது நிறைந்த நிரந்தர ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போகலாம் என்று அறிவித்தது. கெடு டிசம்பர் 3-ந்தேதி. சரியாக 30 நாள்!

நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேருக்கு அந்தத் தகுதி இருந்தது. அவர்களில் 78 ஆயிரம் பேருக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி மாலை அத்தனை பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். கம்பெனியில் இருந்தவர்களில் பாதிப் பேர் அன்றோடு இல்லை.

கம்பத்தில் ஏறியவர்கள்

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல், டெலிபோன் கணக்கில் மதுரைத் தொலைபேசி மாவட்டத்தைச் சேர்ந்தது. '0451' என்று சுழற்றினால் திண்டுக்கல் கிடைக்கும். ஊரைச் சுற்றி வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று சமவெளி முழுக்கக் கம்பமும் கம்பியும் போன காலம் ஒன்று உண்டு. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரரும் நிலக்கோட்டைப் பூ வியாபாரியும் வெளியூர் விலையைக் கேட்க அந்தக் கம்பியைத்தான் நம்பினார்கள். மழையில் லைன் அறுந்தால் லைன்மேனைத் தேடி ஆள் வரும். லைன்மேனுக்கு ஊரில் மரியாதை இருந்தது.

பிறகு செல்போன் வந்தது. வீட்டு டெலிபோன்கள் ஒவ்வொன்றாகப் போயின. வருமானம் விழுந்தது. கம்பெனிக்கு வரும் பணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சம்பளத்துக்கே போகிறது என்று டெல்லியில் கணக்குச் சொன்னார்கள்.

2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதச் சம்பளம் தேதிக்கு வரவில்லை. கம்பெனியின் சரித்திரத்தில் இது முதல் தடவை! அதற்குப் பிறகும் சில மாதங்கள் தள்ளித் தள்ளித்தான் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்குப் பல மாதக் கூலி பாக்கி நின்றது. விருப்ப ஓய்வும் அவர்களுக்கு இல்லை. போகலாமா, இருக்கலாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அக்டோபர் 23-ந்தேதி மத்திய மந்திரிசபை முடிவு எடுத்தது. பி.எஸ்.என்.எல்.லையும், டெல்லி, பம்பாய் டெலிபோனை நடத்திய எம்.டி.என்.எல்.லையும் இணைப்பது, சுமார் 69 ஆயிரம் கோடி ரூபாயில் தூக்கி நிறுத்துவது, ஆட்களைக் குறைக்க விருப்ப ஓய்வு கொடுப்பது. பத்துப் பன்னிரண்டு நாளில் காகிதம் வந்துவிட்டது.

பயம் எங்கிருந்து வந்தது?

பணத்தாசை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பயந்து போனவர்கள் நிறையப் பேர். "இருந்தால் ஓய்வு வயதை 60-லிருந்து 58 ஆக்கிவிடுவார்களாம்" என்றார்கள். "தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்களாம்" என்றார்கள். "தனியாருக்கு விற்றுவிடுவார்கள், அப்புறம் பென்ஷன் யார் கொடுப்பது?" என்றார்கள்.

"என்னங்க, பென்ஷனும் போயிடுச்சுன்னா என்ன பண்றது? இப்பவே எழுதிக் குடுத்திடுங்க" என்று மனைவி சொன்னால் எந்த மனிதருக்குத்தான் கை நடுங்காது?

ஆனால் பென்ஷன் விஷயத்தில் பயப்படத் தேவை இருந்ததா?

இதைத் தெரிந்துகொள்ள 2000-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதுவரை டெலிபோன் என்பது சர்க்கார் இலாகா. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி அதைக் கம்பெனி ஆக்கினார்கள். அதற்கு முன், செப்டம்பரில், ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "கம்பெனி நாளைக்கு நொடித்தால் எங்கள் பென்ஷன் என்ன ஆவது?" என்பது அவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி. அதன் பலனாக மத்திய சர்க்காரின் பென்ஷன் விதிகளில் 37-ஏ என்று ஒரு விதி சேர்ந்தது. இலாகாவிலிருந்து கம்பெனிக்கு வந்தவர்களுக்கு சர்க்காரே பென்ஷன் கொடுக்கும் என்பது அதன் சாரம்.

2019-ல் 50 வயதைத் தாண்டியிருந்தவர்கள் பெரும்பாலும் இலாகாவில் சேர்ந்தவர்கள்தான். ஆகவே ஓய்வில் போனாலும் சரி, இருந்தாலும் சரி, அவர்களுடைய பென்ஷன் கம்பெனியின் பெட்டியிலிருந்து வருவது அல்ல. சர்க்கார் கஜானாவிலிருந்து வருவது. 2000-க்குப் பிறகு கம்பெனியே நேரடியாக எடுத்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு அந்தப் பென்ஷன் இல்லை. தனியார் தொழிலாளிகளைப் போல பிராவிடண்ட் பண்டு பென்ஷன்தான். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான முதுமை!

பென்ஷனைப் பற்றிய பயத்தை ஓரமாக வைத்துவிட்டால், மிச்சம் இருப்பது வெறும் கணக்கு.

மூன்று வயது, மூன்று விடை

வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம். 60 வயதுக்கு மிச்சம் இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம். இரண்டையும் கூட்டினால் கருணைத் தொகை. குஜராத்தில் முன்பு நடந்த திட்டத்தைப் பார்த்து வகுத்ததால் இதற்கு 'குஜராத் முறை' என்று பெயர்.

ஆனால் ஒரு கடிவாளமும் போட்டார்கள். மிச்ச வருஷங்களில் வரப்போகும் பென்ஷனையும் கருணைத் தொகையையும் கூட்டினால், அந்த வருஷங்களில் வந்திருக்கக்கூடிய சம்பளத்தில் 125 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

படித்தால் தலை சுற்றுகிறதா? திண்டுக்கல்லில் ஒரு லைன்மேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ரூ.60 ஆயிரம். அதாவது நாளுக்கு 2 ஆயிரம். பென்ஷன் அதில் பாதி, ரூ.30 ஆயிரம். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்ணாகச் சொல்கிறோம்.

அவருக்கு வயது 52, சர்வீஸ் 30 வருஷம் என்றால் கருணைத் தொகை 1,250 நாள் சம்பளம். அதாவது ரூ.25 லட்சம். 60 வயது வரை 8 வருஷப் பென்ஷன் ரூ.28 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் ரூ.53 லட்சத்து 80 ஆயிரம். போகாமல் வேலை பார்த்திருந்தால் 8 வருஷச் சம்பளம் ரூ.57 லட்சத்து 60 ஆயிரம். வித்தியாசம் 4 லட்சத்துக்கும் குறைவு. எட்டு வருஷம் வீட்டில் இருக்கலாம், வேறு தொழிலும் பார்க்கலாம். போனால் என்ன என்று தோன்றும்.

அவருக்கே வயது 58, சர்வீஸ் 36 என்று மாற்றுங்கள். இப்போது கடிவாளம் இழுக்கிறது. 2 வருஷச் சம்பளம் ரூ.14 லட்சத்து 40 ஆயிரம். அதில் 125 சதவீதம் ரூ.18 லட்சம். பென்ஷன் 7 லட்சத்து 20 ஆயிரத்தைக் கழித்தால் கருணைத் தொகை ரூ.10 லட்சத்து 80 ஆயிரம். வேலை பார்த்தால் 14 லட்சத்து 40 ஆயிரம். வீட்டில் இருந்தால் 18 லட்சம்! இவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

வயது 50, சர்வீஸ் 25 என்றால்? கருணைத் தொகை ரூ.22 லட்சத்து 50 ஆயிரம். 10 வருஷப் பென்ஷன் ரூ.36 லட்சம். கூட்டினால் ரூ.58 லட்சத்து 50 ஆயிரம். பார்த்திருக்கக்கூடிய சம்பளமோ ரூ.72 லட்சம். பதின்மூன்றரை லட்சம் நஷ்டம். இவர்தான் யோசிக்க வேண்டியவர். மகள் கல்யாணமும் மகன் படிப்பும் வீட்டுக் கடனும் நிற்பதும் பெரும்பாலும் இந்த வயதில்தான்.

இதில் வருஷா வருஷம் ஏறும் 3 சதவீத இன்கிரிமெண்ட் சேரவில்லை. வீட்டு வாடகைப்படியும் சேரவில்லை. கடைசிச் சம்பளத்தில் பாதிதான் பென்ஷன் என்பதால், இன்கிரிமெண்ட் நின்றால் ஆயுள் முழுதும் பென்ஷனும் கொஞ்சம் குறைகிறது. அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் சாதாரண குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதுவும் அப்படியே குறையும். பேசும்போது பல வீடுகளில் விட்டுப்போகும் வரவு இது.

கருணைத் தொகையும் ஒரே மூட்டையாக வரவில்லை. பாதி அந்த நிதியாண்டில், மீதி அடுத்த நிதியாண்டில் என்றார்கள். விருப்ப ஓய்வுத் தொகைக்கு வருமான வரி விலக்கு ரூ.5 லட்சம் வரைதான்.

வங்கிக்காரர்கள் பட்ட பாடு

இதற்கு முன்பும் இப்படி ஒரு கூட்டம் வெளியேறியது. 2000-01ல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். அப்போதும் "இனிமேல் வேலைக்கு உத்தரவாதம் இல்லை" என்ற பேச்சுதான்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. விருப்ப ஓய்வில் போகிறவருக்குப் பென்ஷன் கணக்கில் 5 வருஷம் சேர்த்துக் கொடுக்க வங்கிகளின் பென்ஷன் விதியில் இடம் இருந்தது. ஆட்கள் போன பிறகு, "இந்தத் திட்டத்தில் போனவர்களுக்கு அது கிடையாது" என்று சில வங்கிகள் சொல்லிவிட்டன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2009-ல் தீர்ப்பு ஊழியர் பக்கம் வந்தது. வங்கிகள் 5 வருஷத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆனால் எட்டு, ஒன்பது வருஷம் ஓடிவிட்டதே! பி.எஸ்.என்.எல். திட்டத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் இல்லை. கூடுதல் வருஷம் எதுவும் கிடையாது.

பிறகு நடந்தது

ஜனவரி 31-ல் வீட்டுக்கு வந்தவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் யோசித்திருப்பார்கள், கடை வைக்கலாமா, தோட்டம் பார்க்கலாமா என்று. மார்ச் 25-ல் நாடே ஊரடங்கில் அடைபட்டது. கையில் பணம் இருந்தும் தொழில் தொடங்க வழி இல்லை.

வட்டியை நம்பியவர்களுக்கும் ஓர் அடி விழுந்தது. விருப்ப ஓய்வில் வந்தவர் 55 வயதிலேயே தபால் ஆபீசு மூத்த குடிமக்கள் சேமிப்பில் சேரலாம். அப்போது ரூ.15 லட்சம் வரை போடலாம். 2020 மார்ச் 31 வரை வட்டி 8.6 சதவீதம். ஏப்ரல் 1 முதல் 7.4 சதவீதம்! 15 லட்சத்துக்கு வருஷத்தில் 18 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். மார்ச்சுக்குள் கணக்குத் தொடங்கியவருக்கு ஐந்து வருஷத்துக்குப் பழைய வட்டி நின்றது. கருணைத் தொகையின் இரண்டாவது பாதி வரும்போது அந்த வாய்ப்பு போய்விட்டது.

சரி, போகாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஓய்வு வயது 60 ஆகவே இருந்தது. 58 ஆகவில்லை. சொன்ன இணைப்பும் நடக்கவில்லை, எம்.டி.என்.எல்.லின் கடன் சுமை குறுக்கே நின்றது. கம்பெனியை விற்கவும் இல்லை. 2022-ல் ரூ.1 லட்சத்து 64 ஆயிரம் கோடி, 2023-ல் ரூ.89 ஆயிரம் கோடி என்று சர்க்கார் மறுபடியும் கைகொடுத்தது. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கம்பெனி ரூ.262 கோடி லாபம் காட்டியது. 17 வருஷத்தில் முதல் லாபம்! ஆனால் அந்த நிதியாண்டு முழுவதையும் கூட்டினால் நஷ்டம்தான். ஊழியர்கள் எதிர்பார்த்த சம்பள உயர்வும் கையில் வரவில்லை. இருந்தவர்கள் பாதி ஆட்களை வைத்துக்கொண்டு இரண்டு ஆள் வேலை பார்த்தார்கள்.

58 வயதில் போனவர் பயத்தால் போனாரோ, கணக்குப் போட்டுப் போனாரோ, நஷ்டப்படவில்லை. 50-ல் போனவரை அந்தப் பயம்தான் ஏமாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் காப்பாற்ற நினைத்த பென்ஷன் எங்கும் போகவில்லை. ஆனால் உடம்பு முடியாதவர், கம்பம் ஏற முடியாதவர், புதுத் தொழிலில் கை வைத்திருந்தவர் ஆகியோரை இந்தக் கணக்கில் அடைக்க முடியாது.

இன்னும் ஒரு பணம் பாக்கி இருக்கிறது. பென்ஷனில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாக வாங்கிக்கொள்ள முடியும். இதற்கு 'கம்யூட்டேஷன்' என்று பெயர். விற்ற பங்கு 15 வருஷம் கழித்துத் திரும்பிவிடும். வழக்கமாக ஓய்வு பெறும்போதே கிடைக்கும் இந்தப் பணத்தை, இந்தத் திட்டத்தில் 60 வயது முடிந்தால்தான் கேட்கலாம் என்று வைத்தார்கள். 2020-ல் 60-ஐ நெருங்கியிருந்தவர்கள் வாங்கியும் செலவழித்தும் விட்டார்கள். அன்று 50 வயதில் கையெழுத்துப் போட்டவருக்கு 2030 வரை பொறுமை வேண்டும்.