'டி.சி. வாங்கிக்குங்க!'

என் அக்கா பையன் மிக்ஸியை அக்கக்காகக் கழற்றித் திரும்ப மாட்டுவான்; ஒரு ஸ்குரூகூட மிச்சம் இருக்காது. ஆனால், பேனாவைக் கொடுத்தால் 'பள்ளி' 'பல்லி'யாகிவிடும்! 17-ஐ 71 என்று எழுதுவான். அத்தான் கண்டுபிடித்த ஒரே வைத்தியம், முதுகில் நாலு சாத்து.

ஒன்பதாவது முடிந்ததும் பள்ளியில் கூப்பிட்டார்கள். ''பத்தாவதுல நூறு பர்சன்ட் ரிசல்ட் காட்டணும் மேடம். டி.சி. வாங்கிக்குங்க!'' அக்கா அழுதுகொண்டே வந்தாள்.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர சட்டம் கிட்டம் தெரியாது. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

இதற்குப் பெயர் டிஸ்லெக்ஸியா. சோம்பேறித்தனமும் இல்லை, மக்குத்தனமும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஒரு சிரமம், அவ்வளவுதான். 1995-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இது இல்லை. 2016-ம் வருஷத்துச் சட்டத்தில் 21 வகை, இதுவும் உண்டு! பாகுபாடு காட்டாமல் சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்கிறது பிரிவு 16. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், இரண்டாவது, மூன்றாவது மொழியிலிருந்து விலக்கு... இதெல்லாம் பிரிவு 17.

அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் அலைந்தோம். சோதித்துப் பார்த்து சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அதன் நகலோடு பள்ளிக்கு ஒரு லெட்டர் எழுதினேன். தேதி போட்டு, இன்னொரு பிரதியில் சீல் கேட்டு வாங்கினேன். வாயால் கேட்டால் வாயால்தானே பதில் வரும்! சீல் குத்திய காகிதத்துக்கு ஹெச்.எம். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ''பையன் இங்கேயே படிக்கட்டும் சார்'' என்றார். பொதுத்தேர்வுச் சலுகைக்குப் பள்ளி மூலமாகத்தான் தேர்வுத்துறைக்கு மனுப் போகவேண்டும். அதனால் கடைசி நிமிஷத்தில் ஓடாதீர்கள். வருஷ ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பாஸ் பண்ணிவிடுவானா என்று அக்காவுக்கு இன்னமும் பயம்தான். ஆனால், அவன் இப்போது ராத்திரி தூங்குகிறான். அத்தான் கையும் ஓய்ந்துவிட்டது.

நேற்று மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

''மாமா... எனக்குப் பரீட்சை எழுத ஆள் வருவாங்கன்னு சொன்னீங்களே... நீங்க பி.காம். எழுதினப்போ யார் வந்தாங்க?''

மிக்ஸியோடு என்னையும் கழற்றிவிட்டான் பயல்!