ஒரே கோல், ஒரே படி

கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ அரிசி வாங்குகிறோம். பாரிஸ் நகரத்திலும் டோக்கியோவிலும் ஒரு கிலோ என்றால் அதே நிறைதான். சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல இதுவும் தானே அமைந்தது என்று எண்ணிவிடுகிறோம். அப்படியன்று. குடியானவர்களின் முறையீட்டிலே பிறந்து, வித்வான்களின் உழைப்பினால் வளர்ந்து, பல தேசத்துச் சட்டங்களால் நிலைபெற்ற ஏற்பாடு இது. அந்த வரலாறு நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

பிரபுவின் மரக்கால்

1789-ஆம் வருஷத்துப் புரட்சிக்கு முன்பு பிரஞ்சு தேசத்தில் ஊருக்கொரு படியும் சந்தைக்கொரு கோலும் வழங்கிவந்தன. சுமார் எண்ணூறு பெயர்களில் இரண்டரை லட்சம் விதமான அளவுகள் இருந்தன என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே பெயருள்ள மரக்கால் இந்த ஊரில் ஒரு கொள்ளளவாகவும் அடுத்த ஊரில் வேறொன்றாகவும் இருக்கும்.

இந்தக் குழப்பத்தினால் லாபம் அடைந்தவர் யார்? பல இடங்களில் தானியம் அளக்கும் பாத்திரத்தை வைத்துக்கொள்ளும் உரிமை அவ்வூர்ப் பிரபுவுக்கே உரியது. குடியானவன் செலுத்தவேண்டிய தானியத்தை அந்தப் பாத்திரத்தினாலேயே அளக்கவேண்டும். குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலேயே எவ்வளவோ வித்தியாசம் உண்டு. தோள் உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகி, பாத்திரம் அதிகம் கொள்ளும். வாய் அகன்ற பாத்திரமானால் குவியல் பெரிதாகும். ஏட்டிலே வரி ஒரு மரக்காலும் ஏறியிராது. குடியானவன் களத்திலோ நெடுங்காலமாகக் குறைந்துகொண்டே வரும். தன் வயிற்றில் அடிப்பவர் யார் என்று அவன் அறிவான். ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடுவான்?

ஆகவேதான், பதினாறாம் லூயி மன்னன் 1789-ல் குடிகளின் குறைகளை எழுதி அனுப்பும்படி சொன்னபோது, நாடெங்கிலுமிருந்து வந்த விண்ணப்பங்களில் எடையும் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் காணப்பட்டது.

பூமியே அளவுகோல்

1790-ல் தாலிராந்து என்பவர் இவ்விஷயத்தைத் தேசிய சபையின் முன் கொண்டுவந்தார். ஆனால் எந்த ஊர்க் கோலை எல்லோருக்கும் பொதுவாக்குவது? பாரிஸ் நகரத்து அடிக்கோலுக்கு ‘அரசனின் பாதம்’ என்று பெயர். அரசனின் அதிகாரத்தையே எதிர்த்து எழுந்த ஜனங்கள் அவன் பாதத்தை அளவாக ஏற்பார்களா? அன்றியும், பிற தேசத்தார் அதை ஏற்க நியாயம் ஏது?

எவருக்கும் சொந்தமல்லாத, ஆகவே எல்லோருக்கும் சொந்தமான ஒரு பொருளை வித்வான்கள் தேடினார்கள். அது பூமியே! வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே ‘மீட்டர்’ ஆகவேண்டும் என்று விஞ்ஞானக் கழகம் 1791-ல் சிபாரிசு செய்தது.

சொல்வது எளிது, அளப்பது அரிது. 1792-ல் இரண்டு வான சாஸ்திரிகள் புறப்பட்டார்கள். தெலாம்பர் வடக்கே டன்கர்க்கிலிருந்தும், மெஷேன் தெற்கே ஸ்பெயின் தேசத்துப் பார்ஸலோனாவிலிருந்தும் அளந்துகொண்டு வந்து நடுவே ரோதேஸ் நகரில் சந்திப்பது என்பது ஏற்பாடு. அதுவோ புரட்சிக் காலம். கோபுரங்களின் மீதேறி விசித்திரமான கருவிகளால் நோக்கும் மனிதனைக் கண்டால் ஒற்றன் என்று சந்தேகியாதவர் உண்டோ? தெலாம்பரை வழிமறித்துச் சிறைப்படுத்தினார்கள். இதே அளவைப் பணியில் உழைத்த ரசாயன மேதை லவாய்சியே வரி வசூல் கம்பெனியில் பங்குகொண்டிருந்த குற்றத்துக்காக 1794-ல் கொலைக்களத்தில் தலையை இழந்தார்.

மெஷேனின் துயரம் வேறு வகை. பார்ஸலோனாவில் அவர் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. யுத்தம் மூண்டதனால் திரும்பப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. எல்லாத் தேசத்தாருக்கும் எக்காலத்துக்கும் உரிய அளவில் தம்மால் பிழை புகுந்துவிட்டதே என்று அவர் மனம் நைந்து, அதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். கடைசியில், அளவையை மேலும் தெற்கே நீட்டிப்பதற்காகத் திரும்பவும் ஸ்பெயினுக்குச் சென்று, 1804-ல் விஷஜுரத்தினால் உயிர் நீத்தார். அவருடைய குறிப்புகளைப் பார்த்த பிறகே தெலாம்பருக்கு உண்மை தெரிந்தது. மீட்டர் இருக்கவேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று பிற்காலத்தில் கண்டார்கள். பூமியின் உருவம் அக்காலத்தார் கணித்ததுபோல ஒழுங்காக இல்லாததே இதற்கு முக்கியக் காரணம்.

சட்டம் முந்திற்று, வழக்கம் பிந்திற்று

1795-ல் மீட்டர், கிராம், லிட்டர் என்ற பெயர்கள் சட்டமாயின. 1799-ல் பிளாட்டினத்தால் செய்த மூல மீட்டர் அரசாங்கக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் ஒரே அளவு வேண்டும் என்று கேட்ட ஜனங்களே புதிய அளவைக் கண்டு முகம் சுளித்தார்கள். அவர்கள் வேண்டியது பிரபுவின் மோசடிக்கு முடிவு. கிடைத்ததோ வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்களும் பத்துப் பத்தான கணக்கும். 1812-ல் நெப்போலியன் பழைய பெயர்களைச் சில்லறை வியாபாரத்தில் மீண்டும் அனுமதித்தான். 1837-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, 1840 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மீட்டர் முறை அங்கே கட்டாயமாயிற்று. கேட்டதற்கும் பெற்றதற்கும் நடுவே ஐம்பது வருஷம் சென்றது!

பின்னர் 1875 மே 20-ஆம் தேதி பாரிஸில் பதினேழு தேசங்கள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. செவ்ர் என்ற இடத்தில் சர்வதேச அளவை நிலையம் ஏற்பட்டது. 1889-ல் பிளாட்டினம்-இரிடியம் கலவையில் செய்த மூல மீட்டருக்கும் மூல கிலோவுக்கும் பிரதிகள் அங்கத்தினர் தேசங்களுக்கு வழங்கப்பட்டன. இங்கிலாந்து 1884-ல்தான் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. தன் கஜத்தையும் ராத்தலையும் அப்போதும் விடவில்லை.

நமது தேசத்தின் கணக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் நமது நிலைமை புரட்சிக்கு முந்திய பிரான்ஸை ஒத்திருந்தது. ‘மணங்கு’ என்பது சென்னையில் 25 ராத்தல். பம்பாயில் 28 ராத்தல். வங்காளத்திலோ 82 ராத்தலுக்கும் மேல்! கிலோவுக்குச் சமமான ‘சேர்’ ஒன்றை நிர்ணயித்து 1871-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஆனால் அமுலுக்குக் கொண்டுவரவேயில்லை. 1939-ஆம் வருஷத்துச் சட்டம் தோலா, சேர், மணங்கு ஆகிய எடைகளை மட்டும் ஒழுங்குபடுத்தியது.

சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டு 1956-ல் எடை அளவைச் சட்டத்தை நிறைவேற்றியது. மறுவருஷமே நாமும் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தோம். 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வீசையும் பலமும் படியும் விலகி, கிலோவும் லிட்டரும் வந்தன. பிரான்ஸுக்கு ஐம்பது வருஷம் பிடித்த மாறுதலின் பெரும்பகுதியை நமது ஜனங்கள் சில வருஷங்களிலேயே செய்து முடித்தது பெருமைக்குரியதல்லவா?

1983 முதல் மீட்டர் ஒளியின் வேகத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. செவ்ர் நிலையத்து உலோகக் கட்டிக்கும் 2019-ல் ஓய்வு கிடைத்தது. இயற்கையின் மாறாத எண் ஒன்றே இப்போது கிலோவுக்கு ஆதாரம். ஆயினும் ஏழையின் பையில் விழும் அரிசிக்கு இந்தச் சாஸ்திரம் மட்டும் போதாது. தராசின் மேல் உள்ள அரசாங்க முத்திரையையும் அதைக் கவனிக்கும் கண்ணையும் பொறுத்தே அவனுக்கு நியாயம் கிடைக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நேயர்கள் அந்த முத்திரையை ஒரு தடவை பார்த்து வாருங்கள்.