பள்ளிக்கும் தெரியட்டும்: இன்சுலின் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கிய நிலையில் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டாள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவளுக்கு வியர்த்துக் கை நடுங்கியிருக்கிறது. வெயில் சோர்வு என்று கருதி, ஓர் அறையில் தனியே படுக்க வைத்திருக்கிறார்கள். பரிசோதித்தபோது ரத்தச் சர்க்கரை 38. அவள் நான்கு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவள் என்பதைப் பள்ளியில் எவரும் அறியார். “நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இது தடையாகிவிடுமே, டாக்டர்” என்றார் தாயார்.

அந்த அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. ஆயினும், மறைத்ததால் அந்த அறையில் அவளுக்கு உதவத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமற்போனார் என்பதே உண்மை.

முதல் வகை நீரிழிவு இனிப்பு உண்டதால் வருவதன்று, தொற்றுவதுமன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் ஏற்படுவது. இதில் பெற்றோரின் குற்றம் எதுவுமில்லை. இதை வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், வண்டி ஓட்டுநர் ஆகிய மூவரிடமேனும் நேரில் சொல்லுங்கள். பின்வருவனவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், கடும் பசி, காரணமற்ற எரிச்சல், குழப்பம் ஆகியவை தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைச் சிறிது நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதித்து, இன்னும் குறைவாயிருந்தால் மீண்டும் கொடுக்க வேண்டும். பிறகு பிஸ்கட் போன்ற சிற்றுண்டி தரலாம். கருவி கைவசம் இல்லையென்றால் காத்திராமல் குளுக்கோஸ் கொடுப்பதே சரி. பிள்ளையைத் தனியே விடவோ, தனியே வீட்டுக்கு அனுப்பவோ கூடாது.

நினைவிழந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைக்க வேண்டும்.

சர்க்கரை மிகும்போது தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும். பாடவேளையிலும் கழிப்பறைக்குச் செல்ல அனுமதி வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் பேனா பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் கெடாது. ஆனால் நம் ஊர்க் கோடையைத் தாங்காது. வெயிலில் நிற்கும் வண்டியில் பையை விட்டுவைக்க வேண்டாம். வெப்பம் தாங்கும் சிறு பையில் வைத்து அனுப்புங்கள். பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தேர்வுக் காலத்துக்கும் முன்னேற்பாடு தேவை. சி.பி.எஸ்.இ. வாரியம் 2017ஆம் ஆண்டில், இத்தகைய மாணவர்கள் மருத்துவச் சான்றுடன் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் முதலியவற்றைப் பொதுத்தேர்வு அறைக்குள் கொண்டுசெல்ல அனுமதித்தது. பிற பாடத்திட்டங்களில் பயில்வோர் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். முன்பு கழிப்பறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டவள். சில நாள் அதையும் தவிர்த்துவிட்டவள். இன்று ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்து போட்டுக்கொள்கிறாள். வகுப்பாசிரியரின் மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உடன் அமரும் தோழிக்கும் அதன் இடம் தெரியும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளிக்குரிய கடிதத்தைத் தமிழிலேயே எழுதித் தருகிறோம்.